வேகச் சாணை

ஃபேரி தன் வேனின் பின்கதவைத் திறந்து உளி தீட்டும் சாணை இயந்திரங்கள் இரண்டைப் பட்டறை வாசலில், பனியைக் கூட்டித் தள்ளியிருந்த இடத்தில் இறக்கி வைத்தான். கவ்ரிலா அவற்றைச் சுற்றி ஒருமுறை நடந்தான். பிறகு கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ரெண்டுல எது அதிகமா கத்தும்?"

"கத்துறதா மேஸ்திரி?"

"ஆமா. சத்தம் போடாம இருக்கிற எதையும் நான் நம்புறதில்ல."

"அதனாலதான் உன் பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குப் போய் ரெண்டு வருஷமா உன் நம்பிக்கையைச் சோதிக்கிறா" என்றாள் தொதோசியா, வாசற்படியில் நின்றபடி.

ஃபேரி சிரித்துவிட்டு, கவ்ரிலா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். சிகெத் நகரத்திலிருந்து மலைப்பாதை வழியாக வேன் ஓட்டி வந்தவன். மரப்பட்டறைகளுக்கு இயந்திரம் விற்கிற ஹங்கேரியன். எந்த வீட்டில் எப்போது சிரிப்பது என்று அவனுக்குத் தெரியும். இந்த வீட்டில் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

அண்ணன், தங்கை, தம்பி என்று மூன்று பேரின் பட்டறை அது. மூத்தவன் கவ்ரிலா ஓக் மரத்தை அறுத்து, செதுக்கி, தூண் நிறுத்துகிறவன். இருபது வருஷம் காட்டில் ரம்பம் ஓட்டியதில் பாதிக் காது போனவன். கடைசி இலியேஷ் அந்தத் தூண்களில் கயிற்றுப் பின்னலும் சூரியனும் செதுக்குகிறவன். நடுவில் பிறந்த தொதோசியா உளி தீட்டுகிறவள். நாற்பத்தாறு உளி. தட்டை உளி, சாய்வு உளி, நகம் மாதிரி வளைந்த நகவுளி. காலால் மிதித்துச் சுற்றும் மணற்கல் ஒன்றில், கீழே தொட்டியில் தண்ணீர் நனைய நனைய, காலையிலிருந்து மாலை வரை தீட்டுவாள். கல் தேய்ந்து தேய்ந்து சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாகிவிட்டது. ஈஸ்டருக்குள் மடத்து வாசலுக்குப் பன்னிரண்டு தூண் வைத்த பெரிய கதவு நிறுத்தியாக வேண்டும். அவள் காலும் கல்லும் அவ்வளவு தாங்காது. அதனால்தான் ஃபேரி வந்திருந்தான்.

"இது மெதுவா சுத்துறது" என்று ஒன்றைக் காட்டினான். "பெரிய கல்லு, பாதி தண்ணியில. எருது மாதிரி போகும். உளி சூடே ஆகாது. அது வேகம். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்து. காஞ்ச கல்லு. குதிரை."

"அப்ப குதிரைதான்" என்றான் கவ்ரிலா.

"அண்ணே, கொஞ்சம் பொறு" என்றான் இலியேஷ். மெதுவான கல்லில் ஒரு தட்டை உளியைச் சாய்த்துப் பிடித்தான். கல் தண்ணீரை வாரிக்கொண்டு சுற்றியது. பூனை பால் குடிக்கிற சத்தம். வெகுநேரம் கழித்து எடுத்து, தன் முன்கையில் வைத்து இழுத்தான். ரோமம் சுத்தமாக வழிந்தது. "பார். கண்ணாடி மாதிரி இருக்கு."

"நீ அதைத் தீட்டின நேரத்துல நான் ஒரு தூணைப் பொளந்திருப்பேன்."

"பொளக்கிறதுக்கு உளி எதுக்கு? உன் தலையே போதுமே."

இந்த இடத்திலேயே தொதோசியா இருவருக்கும் நடுவில் போய் நின்றிருக்க வேண்டும். வழக்கமாக நிற்பாள். அன்றைக்குக் கையில் வெந்நீர்க் கெட்டில் இருந்தது, ஃபேரிக்குத் தேநீர் போட. அதை எங்கே வைப்பது என்று பார்த்த நேரத்தில் கவ்ரிலா, இலியேஷின் மேசையிலிருந்து பெரிய நகவுளியை எடுத்துவிட்டான். இலியேஷ் சூரியன்களை இந்த உளியாலேயே செதுக்குவான். வேறு யாரையும் அதைத் தொடவிடுவதில்லை.

"வை அதை."

"குதிரை எப்படி ஓடுதுன்னு பாக்கலாம்."

வேகச் சாணை கத்தியது. கவ்ரிலாவுக்குப் பிடித்த சத்தம். அவன் முகம் கொஞ்சம் மலர்ந்துகூட இருந்தது. தன் முழு எடையோடு உளியை அழுத்தினான். பொறி முழங்காலிலிருந்து தோள்வரை பறந்தது. இலியேஷ் ஓடி வந்து அவன் கையைப் பிடிப்பதற்குள் உளியின் முனையில் நீலம் பாய்ந்துவிட்டது. காயம் பட்ட நகம் கறுக்குமே, அப்படி.

இயந்திரம் ஓய்ந்தது.

"நீலம் பாஞ்சிருச்சு" என்றான் இலியேஷ்.

"தொடச்சா போயிடும்."

"பதம் போச்சு அண்ணே. இரும்போட உசிரு போச்சு. இனிமே இது கரண்டி."

"அப்ப அதுல பால் குடி. உனக்கு இன்னும் அந்த வயசுதான்."

இலியேஷ் உளியை வாங்கி, பக்கத்தில் கிடந்த ஓக் கட்டையில் ஒரே குத்துக் குத்தினான். எடுத்துக் காட்டினான். முனை தகரம்போல மடங்கியிருந்தது. கவ்ரிலா அதைப் பார்க்கக் குனிந்தான். குனிந்த முகத்தில் இலியேஷ் நெற்றியால் மோதினான்.

மூக்கு உடைந்த சத்தம் ஃபேரிக்குக்கூடக் கேட்டது. கவ்ரிலா பின்னால் சாயவில்லை. தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மேசைமேல் சாய்த்தான். இலியேஷின் இடது கையை விரித்து மரத்தோடு அழுத்தினான். மறு கையால் கொட்டாப்புளியை எடுத்தான். கருங்காலி நிறத்துக்குக் கறுத்துப்போன பீச் மரக் கொட்டாப்புளி, தூண் உளிகளை அடிக்கிறது.

"அண்ணே" என்றாள் தொதோசியா.

ஒரே அடிதான். ஈரத் துணிக்குள் சுள்ளி முறிந்த மாதிரி கேட்டது. இலியேஷ் கத்தவில்லை. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கெட்டில் தொதோசியாவின் கையிலிருந்து விழுந்து, வெந்நீர் பனியில் குழி பறித்துக்கொண்டு ஓடியது.

"நான் ரெண்டையும் ஏத்திக்கிட்டுக் கெளம்புறேன்" என்றான் ஃபேரி.

கவ்ரிலா வேன் கதவை மறித்து நின்றான். மூக்கிலிருந்து ரத்தம் தாடியில் இறங்கி அங்கேயே உறைய ஆரம்பித்திருந்தது. "எருதை ஏத்து. கத்துறது இங்க இருக்கட்டும்."

இப்படித்தான் அந்த வீட்டில் இயந்திரம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

கவ்ரிலா அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும் ஃபேரி தொதோசியாவை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டான். அவள் தம்பியின் கையைத் தன் தலைத்துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதைக் கேட்டுக்குங்க. அந்தாளுக்குச் சொல்லிப் பிரயோஜனமில்ல. மேல மூடியிருக்கிற தகரத்தைக் கழட்டக் கூடாது. அந்தக் கல்லுல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. அது உங்க மணற்கல் இல்ல. தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும். ஒரு பக்கம் கனத்துப் போச்சுன்னா, சுத்தும்போது தன்னைத்தானே கிழிச்சுக்கும்."

"சரி."

"தெனமும் போடறதுக்கு முன்னாடி ஒரு உளிப்பிடியால தட்டுங்க. நல்ல கல்லு மணி மாதிரி பேசும். ஓட்டைச் சட்டி மாதிரி பேசுச்சுன்னா, உள்ள விரிசல். கழட்டித் தூரப் போட்டுருங்க."

"போடலைன்னா?"

ஃபேரி வேன் சாவியைத் துழாவினான். "எங்க பக்கம் ஒருத்தன் போடல. அவனைச் சவப்பெட்டியை மூடித்தான் வீட்டுல வச்சாங்க. அவன் அம்மா மூணு நாளும் பலகையைத்தான் பாத்து அழுதா."

தொதோசியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். செத்தவன் முகத்தைப் பார்க்காமல் எப்படி அழுவது?

இலியேஷுக்கு இரண்டு விரலும் புறங்கையில் ஓர் எலும்பும் முறிந்திருந்தன. மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கவ்ரிலா ஒரு கோப்பை பிளம் சாராயத்தை அவன் முன் வைத்தான். மன்னிப்பு என்று அவனுக்குத் தெரிந்த ஒரே வடிவம் அது.

"குடி."

"எந்தக் கையால?"

"வலது கை இருக்கில்ல."

"அதையும் உடைக்கலையேன்னு வருத்தமா இருக்கா அண்ணே?"

"நீ என் மூக்கை உடைச்ச. நான் உன் கையை உடைச்சேன். சரியாப் போச்சு."

"மூக்கால நீ செதுக்குறதில்லையே."

கோப்பை அன்று முழுக்க அப்படியே மேசையில் இருந்தது. கடைசியில் தொதோசியாதான் எடுத்துக் குடித்தாள்.

அவளுக்கு அண்ணன்மேல் கோபம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடியாது. பதினொரு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் அவளை அடுப்படியில் போட்டு மிதித்தபோது, பக்கத்து ஊரிலிருந்து நடந்தே வந்தவன் கவ்ரிலா. அந்த மனுஷனின் விலா எலும்பை நான்காக முறித்து, அவளை ஒரு கம்பளியில் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மலை ஏறி இறங்கினான். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்கு உளி தீட்டணும்" என்றான், அவ்வளவுதான். அந்தக் கைதான் இதுவும். அவளைத் தூக்கி வந்த கையா தம்பியின் கையை நசுக்கியது என்று யோசித்தால் பதில் வராது. இரண்டும் ஒரே எடையோடு இருந்தன.

வேகச் சாணை வந்த மூன்றாம் நாளே கவ்ரிலா மேல்தகரத்தைக் கழற்றிவிட்டான். நகவுளியின் வளைவு கல்லுக்கு எட்டவில்லையாம்.

"ஃபேரி கழட்டக் கூடாதுன்னான்" என்றாள் தொதோசியா.

"ஃபேரி விக்கிறவன். தீட்டுறவன் இல்ல."

"தீட்டுறவ நான் இருக்கேனே. நான் சொல்றேன்."

"நீ தீட்டின காலம் முடிஞ்சுது. மெஷின் தீட்டும்."

மெஷின் தீட்டவில்லை. சுட்டது. ஒவ்வொரு உளியிலும் நீலம், வைக்கோல் நிறம், பழுப்பு. மூன்று அடிக்கு ஒருமுறை கூர் மடங்கியது. கவ்ரிலா திரும்பத் திரும்பக் கல்லுக்கு ஓடினான். ஓடி ஓடி, ஒருநாள் அவனுக்கு யோசனை ஒன்று தோன்றியது. மணற்கல்லில் தீட்டி வளர்ந்த எவனுக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். ஆனால் தோன்றினாலும் வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். பழைய சாணைக்கு அடியில் கிடந்த மரத்தொட்டியைப் பிடுங்கினான். தண்ணீர் ஊற்றி, வேகச் சாணையின் கல் பாதி முழுகும்படி கீழே கட்டித் தொங்கவிட்டான்.

"அண்ணே, தண்ணி கூடாதுன்னு அவன் சத்தியம் பண்ணிச் சொன்னான்."

"சாணைக்குத் தண்ணி வேணும். அப்பன் வச்சான். அவன் அப்பன் வச்சான்."

"இது அந்தக் கல்லு இல்ல. இது தண்ணியைக் குடிச்சு வச்சுக்குமாம்."

"நானும்தான் குடிச்சு வச்சுக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"ஃபேரி சொன்னது..."

அவன் கையில் சாய்வு உளி இருந்தது. திரும்பாமலே வீசினான். உளி அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளி நிலைக்கதவில் இறங்கி, பிடி அதிர அதிர நின்றது. அவளுடைய தலைத்துணியின் ஓரத்தை மரத்தோடு சேர்த்துத் தைத்திருந்தது.

"ஹங்கேரியன் பேச்சு கேக்கணும்னா நான் சிகெத்துக்குப் போய்க் கேட்டுக்கிறேன். இந்தப் பட்டறையில அவன் பேரு இன்னொரு தடவை வந்துச்சு, அடுத்தது இப்படித் தள்ளி விழாது."

தொதோசியா துணியை மெல்ல விடுவித்துக்கொண்டாள். ஓரம் கிழிந்தது. உளியையும் பிடுங்கி அவன் மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் தினமும் காலையில், அவன் வருவதற்கு முன், உளிப்பிடியால் கல்லைத் தட்டினாள். கல் இயந்திரத்திலேயே இருந்ததால் கோயில் மணி மாதிரியெல்லாம் கேட்கவில்லை. கன்றின் கழுத்து மணி மாதிரி, கொஞ்சம் அடைத்த மணியாகக் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பழகிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கல்லின் சத்தத்தைக் கேட்டே உளி கூரானதா இல்லையா என்று அறிந்தவள் அவள்.

பிப்ரவரி மாதம் குளிர் இறுகியது. ஒரு காலை ஆறு மணிக்குப் பட்டறை அடுப்பை மூட்டப் போனவள், சாணையின் அடியில் தொட்டி வீங்கிப் பிளந்திருப்பதைப் பார்த்தாள். முந்தின நாள் கவ்ரிலா தண்ணீரைக் கொட்டாமலே போயிருந்தான். தண்ணீர் முழுக்கப் பனிக்கட்டி. அதற்குள் கல் பாதி புதைந்து, ஆற்றில் உறைந்த படகாக நின்றது.

தட்டினாள்.

டொக்.

இடம் மாற்றித் தட்டினாள். டொக். உளிப்பிடியை மாற்றி, மேல்பக்கம் காய்ந்த இடத்தில் தட்டினாள். உடைந்த சட்டியின் சத்தம். விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறக் கல், எப்போதும்போல.

அவள் கைகள் அடுப்பை மூட்டின. விறகை அடுக்கின, சிராயைப் பற்றவைத்தன. மனசு ஒரே இடத்தில் நின்றது. அவன் வருவான். ஸ்விட்சைப் போடுவான். அவன் எப்போதும் நேர் எதிரில், முகத்தைக் கல்லுக்கு ஒரு முழத்தில் வைத்துக்கொண்டுதான் நிற்பான்.

சொன்னால் அவள் தலைக்கு உளி வரும். சொல்லாவிட்டால் என்ன வரும் என்பதையும் ஃபேரி சொல்லியிருந்தான்.

ஏழு மணிக்குக் கவ்ரிலா வந்தான். தொட்டியைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். சுத்தியலை எடுத்துப் பனிக்கட்டியை உடைத்தான். இரண்டு அடி கல்லின் மேலேயே விழுந்தது. துண்டுகளைக் காலால் தள்ளினான். கல்லின் ஓரத்தைச் சட்டைக்கையால் துடைத்தான்.

"காப்பி இருக்கா?"

"கொதிக்குது."

"ஏன் முகம் அப்படி இருக்கு?"

"குளிர்."

அவன் ஒரு தட்டை உளியை எடுத்தான். ஸ்விட்சில் கை வைத்தான். தொதோசியா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கெட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் வேண்டிக்கொண்டது என்ன என்று பின்னாளில் பாதிரியாரிடம்கூட அவள் சொல்லவில்லை.

கதவு திறந்தது. இலியேஷ். தோளில் பயணப் பை. மாவுக்கட்டுக் கை கழுத்துத் துணியில் தொங்கியது.

"என் உளிங்களை எடுத்துக்க வந்தேன்."

கவ்ரிலாவின் கை ஸ்விட்சிலிருந்து இறங்கியது. "எங்க போற?"

"மாரா ஊர்ப் பக்கம். அங்க ஒரு பட்டறையில கூப்பிடுறாங்க. கை சரியாகறவரைக்கும் கோடு போட்டுத் தருவேன்."

"மடத்துக் கதவு?"

"நீ செதுக்கு. இல்ல மெஷினைச் செதுக்கச் சொல்லு."

இலியேஷ் தன் மேசைக்குப் போய், ஒற்றைக் கையால் உளிகளைத் தோல் சுருணையில் செருக ஆரம்பித்தான். கவ்ரிலா அருகே போய் ஒன்றை உருவிப் பார்த்தான். கட்டைவிரலைக் குறுக்கே வைத்துக் கூர் பார்த்தான்.

"மொக்கை."

"தெரியும். எல்லாம் உன் குதிரை மிதிச்சது."

"இப்படியா எடுத்துக்கிட்டுப் போவ?"

"அங்க தீட்டிக்கிறேன்."

"இந்தப் பட்டறையை விட்டு எவனும் மொக்கை உளியோட போனதில்ல. சண்டை போட்டுட்டுப் போனவன்கூடக் கூரோடதான் போனான். நாளைக்கு மாராக்காரன் உன் சுருணையைத் திறந்து பாத்து என்னை நெனச்சுச் சிரிக்கணுமா? வா இங்க. தீட்டிக்கிட்டுப் போ."

அது உண்மை. அந்தப் பள்ளத்தாக்கில் எந்தச் செதுக்காளி கூரில்லாத உளியோடு பட்டறை மாறினாலும், விட்டு வந்த இடத்துக்குத்தான் மானக்கேடு. இலியேஷுக்கும் தெரியும்.

"ஒத்தைக் கையால எப்படித் தீட்டுறது?"

"நான் மேல இருந்து அழுத்துறேன். நீ பிடி." தம்பியின் காலரைப் பிடித்து இழுத்துக் கல்லுக்கு நேராக நிறுத்தினான். உளியை வலது கையில் திணித்தான். "குனி. இன்னும் குனி."

"சரி, விடு, நிக்கிறேன்" என்றான் இலியேஷ், அலுப்போடு. அவன் முகம் கல்லுக்கு ஒரு முழத்தில் இருந்தது.

"போடாத" என்றாள் தொதோசியா.

இருவரும் திரும்பினார்கள்.

"கல்லுல விரிசல் இருக்கு. தம்பி, இங்க வா. அதுக்கு முன்னால நிக்காத."

"யாரு சொன்னது?" என்றான் கவ்ரிலா.

"தட்டிப் பாத்தேன். ஓட்டைச் சட்டி மாதிரி கேக்குது."

"எப்ப பாத்த?"

அவன் மெல்ல நிமிர்ந்தான்.

"எப்ப பாத்தன்னு கேட்டேன். நான் வந்ததுக்கப்புறம் நீ அடுப்பை விட்டு நகரல. அப்ப நான் வரதுக்கு முன்னாடி."

"ஆமா."

"நான் வந்தேன். ஐஸ் உடைச்சேன். ஸ்விட்சுல கை வச்சேன். நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"அண்ணே..."

"காப்பி கொதிக்குதுன்ன. வேற ஒண்ணும் சொல்லல."

அடுப்பில் விறகு வெடித்தது. கவ்ரிலாவின் முகத்தில் கோபம் இல்லை. இத்தனை வருஷத்தில் அவன் முகத்தில் அவள் பார்க்காத ஒன்று இருந்தது. கணக்குப் புரியாத பிள்ளை பலகையைப் பார்ப்பதைப்போல அவளைப் பார்த்தான்.

"இல்ல" என்றான். "பொய் சொல்ற. இவனைக் காப்பாத்தறதுக்காக இப்ப ஒரு கதை கட்டுற."

"பொய் இல்ல. நீயே கேளு." அவள் ஓடி வந்து உளிப்பிடியால் தட்டினாள். டொக். "கேக்குதா?"

"நல்லாத்தான் இருக்கு."

"உனக்கு அந்தச் சத்தம் காதுல விழாது அண்ணே. ரம்பம் தின்ன காது. தம்பி, நீ கேளு." டொக், டொக். இலியேஷின் முகம் வெளுத்தது. உளியைக் கீழே போட்டுவிட்டு ஓரடி நகர்ந்தான்.

"அக்கா சொல்றது நிஜம். கழட்டிடு அண்ணே."

"ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்க."

"அண்ணே, கையெடுத்துக் கும்பிடுறேன், கழட்டு."

"கல்லு நல்ல கல்லு" என்றான் கவ்ரிலா. குரல் உயரவே இல்லை. "விரிசல் இருந்தா நீ சொல்லியிருப்ப. உன்னை நான் தோள்ல தூக்கிக்கிட்டு ரெண்டு மலை நடந்தேன். நீ சொல்லாம இருக்க மாட்ட. அதனால விரிசல் இல்ல."

இலியேஷ் அவன் கைமேல் பாய்ந்தான். கவ்ரிலா முழங்கையால் அவன் மாவுக்கட்டில் இடித்தான். இலியேஷ் தரையில் சுருண்டான். தொதோசியா அண்ணனின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவன் ஒரு கையால் அவளை உதறினான். அவள் போய்த் தம்பியின் மேல் விழுந்தாள்.

கவ்ரிலா ஸ்விட்சைப் போட்டான்.

சாணை முனகி, பிறகு உறுமி, பிறகு கத்தியது. மேசை நடுங்கியது. சுவரில் தொங்கிய உளிகள் ஒன்றோடொன்று பல் இடித்துக்கொண்டன. கவ்ரிலா அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான், பாத்தியா என்பதுபோல. தட்டை உளியைக் கல்லில் வைத்தான். மூன்று மூச்சு. இலியேஷ் தன் நல்ல கையால் அக்காவின் தலையைத் தரையோடு அழுத்தினான்.

வெடித்தது.

ஒரு துண்டு கூரை உத்தரத்தில் இரண்டு விரல் ஆழம் இறங்கியது. ஒன்று ஜன்னலையும் அதற்கு வெளியே இருந்த வேலிப் பலகையையும் துளைத்துக்கொண்டு போனது. ஒன்று அடுப்பின் இரும்புக் கதவைக் கழற்றி, தணலைத் தரையெல்லாம் இறைத்தது. கல் இல்லாத இயந்திரம் வெறும் அச்சோடு கத்திக்கொண்டே இருந்தது. தொதோசியா தவழ்ந்து போய் அதை நிறுத்தினாள். அப்போதுதான் அண்ணனைப் பார்த்தாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தின் இடது பக்கம், கண்ணிலிருந்து தாடைவரை, திறந்து கிடந்தது. கன்ன எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கண் இருந்த இடத்தில் கண் இல்லை. கழுத்து வழியாக இறங்கிய ரத்தம், உடைந்து கிடந்த பனிக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கியது.

இலியேஷ் தணலை மிதித்து அணைத்துவிட்டு, வண்டி பிடிக்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அவள் கிழிந்த தலைத்துணியை உருவி அண்ணனின் முகத்தில் இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"தொதோசியா." பாதி வாயால் பேசினான்.

"பேசாத."

"எத்தனை மணிக்குத் தட்டின?"

"ஆறு."

"நான் வந்தது?"

"ஏழு."

கொஞ்ச நேரம் மூச்சு விட்டான். மூச்சில் ரத்தம் கொப்புளித்தது. "ஒரு மணி நேரம்" என்றான்.

"சொல்லியிருப்பேன் அண்ணே."

"சொல்லியிருக்க மாட்ட." அவன் கை தேடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு நொறுங்குமோ என்கிற பிடி. வண்டி வரும்வரை விடவில்லை. அது தாங்கிக்கொள்ளப் பிடித்த பிடியா, தண்டனையா என்று அவளுக்குப் புரியவில்லை. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கவ்ரிலா சாகவில்லை. இடது கண்குழியில் கட்டிய கறுப்புத் துணியோடு, தைத்த கன்னத்தோடு, ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன் திரும்பி வந்தான். மடத்துக் கதவில் ஏழு தூண்தான் நின்றிருந்தன. அதையும் மாராவிலிருந்து வந்த இரண்டு பேர் நிறுத்திக் கொடுத்திருந்தார்கள். போலீஸ்காரர் வந்து கேட்டபோது இலியேஷ், "விரிசல் இருந்தது யாருக்கும் தெரியாது, கல்லு வெடிச்சுது" என்றான். கவ்ரிலாவும் அதையே சொன்னான்.

ஃபேரிக்கு ஆள் அனுப்பியது கவ்ரிலாதான். மெதுவான சாணை வந்து இறங்கியது.

"எருது" என்றான் ஃபேரி, அவன் முகத்தைப் பார்க்காமல். "இனி ஒண்ணும் பயமில்ல மேஸ்திரி. இது வெடிக்காது. இதைத் தட்டக்கூடத் தேவையில்ல."

"என் பட்டறையில தேவை" என்றான் கவ்ரிலா. உளிப்பிடி ஒன்றை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான். "தட்டு."

தட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணே."

"எனக்குக் கேக்காது. உனக்குத்தான் கேக்கும். நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்ப நீ முன்னால நில்லு. நீயே போடு."

அவள் போட்டாள். தண்ணீரை வாரிக்கொண்டு கல் மெல்லச் சுற்றியது. அவன் அவளுக்குப் பின்னால் வந்து, அவள் தோளுக்கு மேலாகப் பார்க்கும்படி ஒட்டி நின்றான். ஏதாவது பறந்து வந்தால் முதலில் அவளைத்தான் துளைக்க வேண்டும்.

தொதோசியா முதலில் இலியேஷின் உளிகளைத் தீட்டினாள். நீலம் பாய்ந்ததையெல்லாம் தேய்த்து எடுத்து, நல்ல இரும்பு தெரிகிறவரை. மூன்று நாள் ஆனது. இலியேஷ் சுருணையைக் கட்டினான். இரண்டு விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன.

"நீயும் வா அக்கா. மாராவுலயும் உளி தீட்ட ஆள் வேணும்."

"நான் வந்தா இங்க யார் தட்டுறது?"

"இது வெடிக்காதுன்னு ஃபேரி சொன்னானே."

"அண்ணனுக்கும் அது தெரியும்."

"அப்புறம் எதுக்குத் தெனமும் உன்னை முன்னால நிறுத்துறான்?"

அவள் சுருணையின் முடிச்சை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தாள். "உள்ள போய் அவன்கிட்ட சொல்லிட்டுப் போ" என்றாள். "கூரோட போறன்னு காட்டிட்டுப் போ."

உள்ளேயிருந்து கவ்ரிலாவின் குரல் வந்தது. "தொதோசியா. விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. வந்து தட்டு."

அவள் போனாள். தட்டினாள். நல்லா இருக்கு என்றாள். அவன் பின்னால் வந்து நின்றதும், அவன் மூச்சு பிடரியில் படுகிறவரை காத்திருந்து, ஸ்விட்சைப் போட்டாள்.